பச்சிலையும் கருஞ்சேறும்

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவை அடுத்த களப்போரங்களிற் கண்டல் மரங்கள் நிற்கின்றன. மேலே பச்சிலை, கீழே கருஞ்சேறு. அச்சேற்றிற் கால் புதைத்தவன் அழுகிய முட்டையின் நாற்றத்தை அறிவான். ஆழக் கிளறினாற் குமிழிகள் எழுவதையும் காண்பான். இலையின் பச்சை, சேற்றின் நாற்றம், நீரின் குமிழி ஆகிய மூன்றன் பின்னும் ஒரே குடும்பத்துச் சேர்வைகள் உள்ளன. இவ்வுண்மை வெளிப்பட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

1817இல் பெல்லெத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இலையின் பச்சையத்தைப் பிரித்துக் குளோரோபில் என்று பெயரிட்டனர். அதிற் காணப்பட்ட மகனீசியம் வெறும் மாசென்றே கருதப்பட்டது. அமிலம் பட்டால் அவ்வுலோகம் கழன்றுவிடும் என்பதை உணர்ந்த ரிச்சார்ட் வில்ஸ்டாட்டர், 1905 முதல் சூரிச் நகரில் மென்மையான முறைகளால் பச்சையத்தைச் சிதையாது பிரித்தார். இருநூறுக்கு மேற்பட்ட தாவரங்களை ஆராய்ந்து, மகனீசியம் மாசன்று, பச்சையத்தின் உறுப்பே என நிலைநாட்டினார். 1915இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது. 1960இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உட்வர்ட் குழுவினர் பச்சையத்தைச் செயற்கையாகவே ஆக்கினர்.

குருதியின் ஹீமும் இலையின் பச்சையமும் உறவினர். நான்கு ஐங்கோண வளையங்கள் கூடிய போர்பிரின் என்னும் பெருவளையமே இரண்டிற்கும் அடிப்படை. நடுவில் ஹீமுக்கு இரும்பு, பச்சையத்துக்கு மகனீசியம். பச்சையத்தின் ஒரு வளையத்தில் மட்டும் இரண்டு ஐதரசன் அணுக்கள் கூடுதலாக ஏறியுள்ளன. இவ்வாறு ஐதரசன் ஏறியவையே ஐதரோபோர்பிரின்கள். அச்சிறு மாற்றத்தாற் பச்சையம் செவ்வொளியை மிகுதியாக உட்கொள்கின்றது. எஞ்சிய பச்சை கண்ணுக்குத் தெரிகின்றது.

இனிச் சேற்றுக்கு வருவோம். 1973இல் அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தார் சிரோஹீம் என்னும் இரும்புச் சேர்வையைக் கண்டறிந்தனர். ஒட்சிசன் இல்லாச் சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரின் சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கின்றன. அத்தொழிலின் இறுதியில் நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு தோன்றச் செய்வது சிரோஹீமே. சல்பேற்றுக் குறைந்த ஆழத்தில் மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் ஓங்குகின்றன. அவற்றில் 1978இற் காணப்பட்ட மஞ்சட் பொருள், 430 நனோமீற்றர் ஒளியை உட்கொள்வதால், எப் 430 எனப்பட்டது. அதன் நடுவே நிக்கல் இருப்பது 1980இல் வெளியாயிற்று. அதன் அமைப்பைத் தெளிவித்தவர் எஷன்மோசர் குழுவினர். வில்ஸ்டாட்டர் பணியாற்றிய அதே சூரிச் நகரத்தவர்.

இவ்வரலாறு ஆய்வுகூடத்தோடு முடிவதன்று. பச்சிலை காற்றிலிருந்து பிடித்த காபனில் ஒரு பங்கை, ஒட்சிசன் புகாத கருஞ்சேறு நெடுங்காலம் காத்து வைக்கின்றது. 1980கள் முதற் புத்தளக் கரையில் இறால் வளர்ப்புக் குளங்களுக்காகக் கண்டற் காடுகள் பல அழிக்கப்பட்டன. சேற்றைத் தோண்டி உலர்த்தியதும் ஒட்சிசன் புகும். காத்திருந்த காபன் காபனீரொட்சைட்டாக மீண்டும் வானேறும். மகனீசியம் ஈட்டிய செல்வத்தைச் சேறு காக்கின்றது. அக்காவலைக் குலைப்பது ஒரு மண்வெட்டியின் வேலை.