நவாபுக்குத் திறந்த கதவு: மதராஸ் ஃப்ரீமேசன் லாட்ஜுகள்

ஃப்ரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தின் தென்னிந்திய உறுப்பினர்கள் தங்கள் வரலாற்றைச் சொல்லும்போது ஒரு செய்தியைப் பெருமையோடு குறிப்பிடுவார்கள். இந்தியரில் முதல் மேசன், திருச்சிராப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளப்பட்ட உம்தத்துல் உமரா. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன். 1770களின் நடுவில் இது நடந்தது. மதமும் நிறமும் பாராத சகோதரத்துவத்துக்கு இதையே சான்றாகக் காட்டுவது வழக்கம். அந்தச் சான்று எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் நவாபின் மகனுக்கு ஒரே நாளில் திறந்த கதவு, மதராஸ் வக்கீலுக்கும் வணிகருக்கும் திறக்க ஏறத்தாழ நூறாண்டுகள் பிடித்தன.

லண்டனில் நான்கு லாட்ஜுகள், அதாவது மேசன்களின் கிளைச் சங்கங்கள், கூடித் தலைமை அமைப்பை உருவாக்கியது 1717இல். கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்களோடு மேசன் இயக்கம் கல்கத்தாவுக்கு 1730 வாக்கிலும் மதராஸுக்கு 1752இலும் வந்தது. கொத்தனாரின் கவராயமும் மூலைமட்டமும் சின்னங்கள். பயில்பவர், தோழர், தலைவர் என மூன்று படிகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சடங்கு, ரகசியக் கைகுலுக்கல். துறைமுகம் கட்டப்படாத அந்நாளைய மதராஸில் மசூலாப் படகிலிருந்து கரையில் இறங்கிய இளம் அதிகாரிக்கு, லாட்ஜ் உறுப்பினர் என்பதே அறிமுகக் கடிதம். படை போன இடமெல்லாம் லாட்ஜும் போனது. படை கலைந்தால் அதுவும் கலைந்தது. கும்பினிப் படை தங்கியிருந்த திருச்சிராப்பள்ளியில் லாட்ஜ் இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உம்தத்துல் உமரா சேர்ந்த ஆண்டுகளை அரசியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1773இல் கும்பினிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். 1776இல் மதராஸ் ஆளுநர் பிகட் அதைத் தஞ்சையின் மராட்டிய அரசரிடம் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் தஞ்சை வருவாயின் மேல் உரிமை கோரினார்கள். இந்தத் தகராறில் அதே ஆண்டு ஆகஸ்டில் பிகட்டின் சொந்த ஆலோசனை மன்ற உறுப்பினர்களே அவரைச் சிறைப்பிடித்தார்கள். மறு ஆண்டு காவலிலேயே அவர் இறந்தார். இந்தக் கடன் விவகாரம் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க்கின் புகழ்பெற்ற உரைக்குப் பொருளாயிற்று. இந்தக் கொந்தளிப்பின் நடுவில்தான் நவாபின் வாரிசு லாட்ஜுக்குள் நுழைகிறார். கும்பினி அதிகாரிகளோடு சமமாக உட்கார அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கடன்காரரின் மகனைக் கைக்குள் வைத்துக்கொள்வதில் அதிகாரிகளுக்கும் நட்டமில்லை.

லண்டன் தலைமை லாட்ஜ் இதை அரச விவகாரம் போலவே நடத்தியது. அலங்கரித்த மேசன் ஏப்ரன் ஒன்றையும், சிறப்பாக அட்டை கட்டிய விதிநூல் ஒன்றையும் வாழ்த்துக் கடிதத்தோடு சர் ஜான் டே என்பவர் மூலம் அனுப்பிவைத்தது. நவாபின் மகன் பாரசீகத்தில் பதில் எழுதினார். ஆங்கில மேசன் என்ற பட்டத்தைத் தமக்குள்ள பெரும் கௌரவங்களில் ஒன்றாகக் கருதுவதாகச் சொன்னார். முகமன் மொழிதான். ஆனாலும் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கௌரவத்தின் மதிப்பு பின்னர் தெரிந்தது. 1795இல் அவர் நவாபானார். 1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும், அங்கே கிடைத்த கடிதங்களைக் காட்டி, தந்தையும் மகனும் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் கும்பினி குற்றம் சாட்டியது. 1801 ஜூலையில் அவர் இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் ஆர்க்காட்டு நவாபுகளின் கர்நாடக அரசின் ஆட்சியுரிமை கும்பினியின் கைக்குப் போயிற்று. லாட்ஜின் சகோதரத்துவத்துக்கு லாட்ஜ் வாசலே எல்லையாக இருந்தது.

ஆங்கிலேயர்களுக்குள் மட்டும் அது நன்றாகவே வேலை செய்தது. இங்கிலாந்தில் ‘பழையவர்’, ‘புதியவர்’ என இரண்டாகப் பிரிந்திருந்த மேசன்கள் 1813இல்தான் ஒன்றானார்கள். மதராஸில் அந்த இணைப்பு பிரிகேடியர் ஜெனரல் மேத்யூ ஹார்ன் தலைமையில் 1786இலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டில் பிறந்ததே ‘பெர்ஃபெக்ட் யூனனிமிட்டி’, அதாவது முழு ஒருமனப்பாடு என்ற லாட்ஜ். திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறிக் கடற்கரைச் சாலை வழியே மயிலாப்பூர் போகிறவர்கள் அதன் பழைய வீட்டைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். காவல்துறைத் தலைமையகமாக இருக்கும் வெள்ளைக் கட்டடம் அதுதான். 1839இல் மேசன்கள் கட்டியது. 1865இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குக் காவல்துறை எடுத்தது. 1874இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. 1990களில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அரசு முனைந்தபோது, பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றதால் தப்பியது. ரகசியச் சங்கத்தின் கூடத்தில் காவல்துறை குடியேறியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நவாபுக்குப் பின் சாதாரண இந்தியரின் நிலை என்ன? மேசன் ஆவதற்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயம். பல தெய்வங்களை வணங்கும் இந்து அந்த உறுதிமொழியை எடுக்கலாமா என்று நீண்ட காலம் வாதிட்டார்கள். 1843 வரை லண்டனில் தலைவராக இருந்த சசெக்ஸ் பிரபு, எடுக்கலாம் என்ற பக்கம் நின்றார். தெய்வங்கள் பலவும் ஒரே பரம்பொருளின் குணங்கள் என்பது அவர் கொண்ட விளக்கம். ஆயினும் உள்ளூர் லாட்ஜில் வாக்களிப்பு வெள்ளை, கறுப்புக் குண்டுகளால் நடக்கும். யார் போட்டது என்று தெரியாமலே ஒருவரை மறுத்துவிடலாம். பம்பாய்ப் பார்சியான மானக்ஜி கர்செட்ஜி இப்படி மறுக்கப்பட்டுப் பாரிஸில் போய்ச் சேர்ந்தார். அவரைப் போன்றவர்களுக்காக மேசன் ஜேம்ஸ் பர்ன்ஸ் 1843இல் பம்பாயில் தனி லாட்ஜ் தொடங்கினார். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் பல ஆண்டுகள் போராடி 1872இல் உள்ளே போனார். அதனால்தான் 1884இல் நரேந்திரநாத் தத், பின்னாளைய விவேகானந்தர், அதே நகரத்தில் எளிதாகச் சேர முடிந்தது.

மதராஸில் அந்தத் திருப்பம் 1883இல் தொடங்கிய ‘கர்னாடிக்’ லாட்ஜால் வந்தது. இந்தியர்களுக்கென்று அமைந்த லாட்ஜ் அது. ஆண்டைக் கவனிக்க வேண்டும். ‘தி இந்து’ இதழ் தொடங்கியது 1878, அடையாற்றுக்குப் பிரம்மஞான சபை வந்தது 1882, சென்னை மகாஜன சபை 1884, காங்கிரஸ் 1885. ஆங்கிலம் படித்த மதராஸ்காரர்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பதையும், நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதையும், வாக்கெடுப்பையும் தங்கள் அன்றாடப் பழக்கமாக ஆக்கிக்கொண்ட பத்தாண்டு அது. கர்னாடிக் லாட்ஜை மேசன் வரலாற்றின் கிளையாக மட்டும் பார்ப்பதைவிட, இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. கறுப்புக் குண்டு இனி அவர்கள் கையிலும் இருந்தது.

எழும்பூரில் இன்றைய எத்திராஜ் சாலையில் 1920களில் மேசன்களின் புதிய மண்டபம் எழுந்தது. 1961 நவம்பர் 24 அன்று டெல்லியில், ராம்பூர் நவாப் ரஸா அலி கானை முதல் தலைவராகக் கொண்டு இந்தியத் தலைமை லாட்ஜ் உருவானது. சடங்கு மேடையில் பைபிளோடு கீதையும் குர்ஆனும் இடம்பெறுகின்றன. எல்லா லாட்ஜுகளும் அதில் சேர்ந்துவிடவில்லை. விருப்பம் கேட்டபோது ஒரு பகுதி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆணைகளின் கீழேயே நின்றது. லண்டனின் பதிவேட்டில் இங்குள்ளவற்றுக்கான மாவட்டத்தின் பெயர் இன்றும் மதராஸ்தான்.