பால் பண்ணை ஊர் கார் கடை ஊரான வரலாறு

ஒரு நகரத்துக்கு வரி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அங்கே எது கட்டப்படும் என்பதும் முடிவாகிறது. லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள செரிட்டோஸின் வரலாற்றைப் பார்த்தால் உங்களுக்கு இது புரியும்.

1956-ல் அது தனி நகராட்சியானபோது அதன் பெயர் டெய்ரி வேலி. சுற்றிலும் வீட்டுமனைகள் பெருகியதால், பண்ணை நிலங்களைக் காப்பாற்ற பால் பண்ணைக்காரர்களே நகராட்சி கேட்டு வாங்கினார்கள். ஆனால் நிலத்தின் விலையும் வரியும் ஏற ஏற, அவர்களே மனம் மாறினார்கள். விவசாய நிலம் குடியிருப்பு நிலமாக மாறியது. 1967-ல் ஊரின் பெயர் செரிட்டோஸ் ஆனது. 1971-ல் பெரிய மால் ஒன்று திறக்கப்பட்டது.

மாலில் நகராட்சிக்கு என்ன லாபம்? நாம் கடையில் கட்டும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. கலிபோர்னியாவிலோ, 1955-ல் வந்த சட்டப்படி, விற்பனை வரியில் ஒரு பங்கு கடை இருக்கும் நகரத்துக்கே சேரும். இன்று அது விற்பனைத் தொகையில் 1%. 30,000 டாலர் கார் ஒன்று விற்றால் நகரத்துக்கு 300 டாலர்.

1978 ஜூனில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 'முன்மொழிவு 13' சொத்து வரியை மதிப்பில் 1% என்று கட்டுப்படுத்தியது. சொத்து கைமாறும் வரை, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2%-க்கு மேல் ஏறக்கூடாது. வீடுகளால் வரும் வருமானம் சுருங்கியது. சாலை, நூலகம், பூங்காச் செலவு குறையவில்லை. 1979-ல் செரிட்டோஸ் கார் விற்பனையாளர்களை நெடுஞ்சாலை ஓரம் ஒரே இடத்தில் சேர்த்து 'ஆட்டோ ஸ்கொயர்' அமைத்தது. அந்த வருமானத்தால் ஊர் செழித்தது.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. பக்கத்து ஊர்க்காரர் அங்கே கார் வாங்கினால் அவர் ஊருக்கு அந்தப் பங்கு கிடைக்காது. அதனால் கலிபோர்னியாவில் நகரங்கள் கடைகளுக்காகப் போட்டி போட்டன. வீடு கட்ட நிலம் ஒதுக்கத் தயங்கின. இன்றைய வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம். மந்தநிலையில் கார் விற்பனை படுத்தால், அதை நம்பிய ஊரின் வருமானமும் படுக்கும்.

நம் பகுதியில் நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வந்தால் தவறாமல் படியுங்கள். வரும் வரி யார் கணக்குக்குப் போகும், நெரிசல் எந்தத் தெருவுக்கு வரும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.