கணக்கில் வராத வருகைகள்

1950இல் உலகம் முழுக்க எல்லை தாண்டிப் போன சுற்றுப்பயணிகள் ஏறக்குறைய 2.5 கோடிப் பேர். 2019இல் அது 146 கோடி. பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்கு, கால்வாசி ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு. அந்த ஆண்டு மலேசியாவுக்கு வந்த 2.61 கோடிப் பேர் இங்கே செலவழித்தது 8,610 கோடி ரிங்கிட்.

அதில் ஒரு துளி கோல சிலாங்கூருக்கும் வருகிறது. பகலில் புக்கிட் மெலாவாத்தி: 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டை, 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்குகள். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகு, பெரெம்பாங் மரங்களில் மின்மினி. அவ்வளவுதான், பஸ் கோலாலம்பூருக்குத் திரும்பிவிடும்.

அதே சிலாங்கூர் ஆற்றோடு மேலே போனால் ரந்தாவ் பஞ்சாங். 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே அங்கேதான் ரப்பர் போட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆமாம், நம்ம தென்னமரமேதான்! மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரைக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்துவிட்டது.

பால் வெட்டியவர்களுக்கும் குலை சுமந்தவர்களுக்கும்? அவர்களும் கடல் தாண்டி வந்தவர்கள்தான். சுற்றுலாவுக்கு வெகுகாலம் முன்பே இந்த மாவட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்தது அவர்கள் உழைப்பு. ஆனால் கோட்டையும் மின்மினியும் பார்க்கிற பயணத்தில் அவர்கள் கதைக்கு இடமில்லை.

மொரீஷியஸில் இடம் கொடுத்திருக்கிறார்கள். போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய குடியேற்றக் கூடத்தின் எஞ்சிய கட்டடங்களை 'ஆப்பிரவாசி காட்' என்ற பெயரில் காக்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கல் படிகளைப் பார்க்க இன்று பயணிகள் வருகிறார்கள்.

பட்ட கஷ்டத்தையும் காட்சிப்பொருளாக்கணுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோட்டையும் போரில் எழுந்ததுதானே? யார் கதையைச் சொல்கிறோம், யார் சொல்கிறார்கள் என்பதே விஷயம். தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிக்கொண்டிருக்கின்றன. லயம் போனால் கோயில் இடம்பெயரும், ஆட்கள் சிதறுவார்கள். எந்தப் பிரட்டில் எந்தக் குடும்பம் வேலை செய்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

அருங்காட்சியகம் வருகிறபோது வரட்டும். அதுவரை நம் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்கலாம்: எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரோடு வந்தார்கள். அதற்கு டிக்கெட் வேண்டாம்.