பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்: காரைக்குடி மணி

கச்சேரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் ஒரு காட்சி இது. பாடகர் பெரிய ராகம் ஒன்றை ஆலாபனை செய்து, கீர்த்தனை பாடி, நிரவல், ஸ்வரம் எல்லாம் முடித்துவிட்டு மிருதங்க வித்வானைப் பார்த்துத் தலையசைப்பார். தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும். உடனே சபாவில் பலர் எழுந்து கேண்டீன் பக்கம் நடப்பார்கள். காபி குடித்துவிட்டுத் திரும்பி வரும்போது தனி முடிந்திருக்கும்.

பத்துப் பதினைந்து வருடம் சாதகம் செய்த ஒரு கலைஞனுக்குக் கச்சேரியில் கிடைக்கும் சொந்த நேரம் அந்தச் சில நிமிடங்கள்தான். ஊரே எழுந்து போவதும் அந்த நேரத்தில்தான்!

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 'கார்பென்டர்ஸ்' என்று அண்ணன் தங்கை இருவர் சேர்ந்து நடத்திய பாப் குழு 1970களில் உலகப் புகழ் பெற்றது. தங்கை கேரன் கார்பென்டரின் குரல் இன்றும் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் முதலில் பாடகி இல்லை, டிரம்மர். பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்ஸ் கற்றுக்கொண்டவர். 1966ல் ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த இசைக்குழுப் போட்டியில் அண்ணனுடைய மூவர் குழு பரிசு வாங்கியபோது அதில் டிரம்ஸ் வாசித்தது கேரன். 1970ல் பாட்டு பெரிய ஹிட் ஆனதும், டிரம்ஸுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை, முன்னால் வந்து பாடு என்று அவரை இழுத்து நிறுத்தினார்கள். 1983ல் 32 வயதில் அவர் இறந்தபோது உலகம் ஒரு பாடகிக்காகத்தான் அழுதது.

கேரனின் டிரம்ஸை அவருடைய பாட்டே மறைத்தது. நம் செட்டிநாட்டு வித்வானின் கதை கொஞ்சம் வேறு. இவர் கடைசி வரை தாள வாத்தியத்தை விடவில்லை. ஆனால் மிருதங்கம் என்றாலே 'பக்கவாத்தியம்' என்று ஒதுக்கிய பழக்கம், அவருக்குள் இருந்த பாட்டுக்காரரையும் இசையமைப்பாளரையும் வெளியே தெரியாமல் வைத்தது.

அரியக்குடியும் காரைக்குடியும்

காரைக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆயிரம் ஜன்னல் வீடும் செட்டிநாட்டுச் சமையலும் ஞாபகம் வரும். சங்கீதத்திலும் அந்த ஊர் சாதாரணம் இல்லை. காரைக்குடி சகோதரர்கள் என்று பெயர் பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணையில் கொடிகட்டிப் பறந்தவர்கள். அண்ணன் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார். அவர்களுக்கு மிருதங்கம் வாசித்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை.

பக்கத்திலேயே இருக்கிறது அரியக்குடி. அந்த ஊரில் 1890ல் பிறந்த ராமானுஜ ஐயங்கார்தான் இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை நிலைக்கச் செய்தவர். முதலில் வர்ணம், பிறகு சில கீர்த்தனைகள், நடுவில் பெரிய உருப்படி, அதை ஒட்டித் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்ற வரிசை அவரால் பரவியது. சங்கீத நாடக அகாடமி 1952ல் முதல் முறையாக விருது கொடுத்தபோது அரியக்குடிக்கும் சாம்பசிவ ஐயருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். சில மைல் தூரத்தில் உள்ள இரண்டு ஊர்ப் பெயர்கள் ஒரே பட்டியலில் வந்தன.

அரியக்குடி வகுத்த அமைப்பு கச்சேரிகளைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் மிருதங்கத்துக்கு ஒதுக்கிய இடம் சிறியது. தனி எப்போது, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் பாடகர்தான். அந்தச் சின்ன இடத்தைப் பெரிதாக்கியவர்களில் முக்கியமானவர் அதே வட்டாரத்திலிருந்து வந்தார் என்பதுதான் வேடிக்கை.

பாட்டிலிருந்து மிருதங்கத்துக்கு

மணி 1945 செப்டம்பர் 11ல் காரைக்குடியில் பிறந்தார். சிவகங்கை மாவட்டம் அப்போது இல்லை, ராமநாதபுரம் மாவட்டம்தான். சிறுவனுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது வாய்ப்பாட்டு. தாளத்தில் இருந்த நாட்டத்தைப் பார்த்த பிறகே மிருதங்கத்துக்கு மாற்றினார்கள். முதல் குரு காரைக்குடி ரங்கு ஐயங்கார். பிறகு சென்னையில் டி.ஆர்.ஹரிஹர சர்மாவிடமும் கே.எம்.வைத்தியநாதனிடமும் கற்றார். ஹரிஹர சர்மா, கடம் வித்வான் விக்கு விநாயக்ராமின் தந்தை. 18 வயதிலேயே குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கையால் தேசிய விருது வாங்கினார் மணி.

முதலில் பாட்டுக் கற்றது வீண் போகவில்லை. மிருதங்கம் வெறும் தட்டும் கருவி இல்லை. பலா மரத்தில் குடைந்த உடல், வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பூச்சு, இடந்தலையில் வாசிக்கும் நேரத்தில் ஒட்டும் ரவைப் பசை என்று அது முழுக்க நாதத்துக்காகச் செய்த கருவி. வலந்தலையைப் பாடகரின் ஆதார ஷட்ஜத்துக்குச் சேர்க்க வேண்டும். சுருதி கொஞ்சம் விலகினாலும் பாட்டு கெட்டுவிடும். பாட்டுத் தெரிந்தவர் வாசித்தால் எந்த வரியில் சொற்களை நிறைக்க வேண்டும், எந்த வரியில் கையை எடுத்துவிட வேண்டும் என்பது தானாக வரும்.

இதற்கு நல்ல உதாரணம் எம்.டி.ராமநாதன். மிக நிதானமான சௌக்க காலத்தில் பாடுபவர் அவர். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஒரு தெருவே இருக்கும். வேகமாக வாசித்துக் கைதட்டல் வாங்க நினைக்கிறவருக்கு அங்கே வேலை இல்லை. அவருக்கு விரும்பி வாசித்தவர் மணி. எம்.எஸ்.சுப்புலட்சுமி, டி.கே.பட்டம்மாள் போன்றவர்களுக்கும் வாசித்தார்.

கணக்கும் அழகும்

தாளத்தின் கணக்குக் கொஞ்சம் புரிந்தால் தனி ஆவர்த்தனத்தில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். ஆதி தாளத்தில் 8 அட்சரம். ஒவ்வொன்றையும் 4 ஆகப் பிரித்தால் 32. இந்த 32க்குள் ஒரே சொற்கட்டை மூன்று முறை சொல்லிச் சரியான இடத்தில் வந்து விழ வேண்டும். 32 மூன்றால் வகுபடாதே, என்ன செய்வது? 10 மாத்திரைச் சொல் ஒன்றை மூன்று முறை வாசித்து, நடுவே ஒரு மாத்திரை இடைவெளி இரண்டு முறை விட்டால் 10, 1, 10, 1, 10. கூட்டினால் 32! மிகச் சிறிய உதாரணம் இது. மணி போன்றவர்கள் 3, 4, 5, 7, 9 என்ற ஐந்து ஜாதிகளையும் கலந்து, பல ஆவர்த்தனங்கள் நீளும் கோர்வைகளை அமைத்தார்கள். கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதாது, காதுக்கும் இனிக்க வேண்டும் என்பதில் மணி பிடிவாதமாக இருந்தார். கஞ்சிரா மேதை ஜி.ஹரிசங்கரும் அவரும் சேர்ந்து வாசித்த தனிகளைக் கேட்டால் இது விளங்கும்.

அவர் இதோடு நிற்கவில்லை. தாள வாத்தியங்களை நடுவில் வைத்து 'சுருதி லயா' என்ற குழுவை உருவாக்கினார். அதற்காகவே உருப்படிகளை அமைத்தார். பாட்டுக்குத் துணையாகத் தாளம் போகும் வழக்கத்துக்குப் பதில், இங்கே மெட்டும் தாளமும் சமமாக உட்கார்ந்தன. 1990களில் பால் கிராபோவ்ஸ்கி தொடங்கிய ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து வேலை செய்தார். பின்லாந்து இசையமைப்பாளர் ஈரோ ஹமீனியமியுடனும் இணைந்தார். மேல்நாட்டு ஜாஸ் கலைஞர்கள் அவரைப் பாடகருக்குத் துணை வந்தவராகப் பார்க்கவில்லை. இசையமைப்பாளராகத்தான் பார்த்தார்கள். தாள வாத்தியங்களுக்கென்றே 'லயமணி லயம்' என்ற இதழையும் நடத்தினார். பல நாட்டு மாணவர்கள் அவரிடம் வந்து கற்றார்கள்.

யாருக்கு மரியாதை?

சென்னை மியூசிக் அகாடமி 1928ல் தொடங்கியது. அதன் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு மிருதங்க வித்வானுக்கு முதலில் கிடைத்தது 1966ல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்ற ஒரு மேதை அதற்கு முன்பே, 1962ல், பட்டம் இல்லாமலேயே காலமாகிவிட்டார். வாய்ப்பாட்டு, மிருதங்கம் இரண்டிலும் பெயர் வாங்கிய டி.வி.கோபாலகிருஷ்ணனுக்குக் கிடைத்தது 2014ல், அவருடைய 82வது வயதில். காரைக்குடி மணிக்கு 1998ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. சங்கீத கலாநிதி கடைசி வரை கிடைக்கவில்லை. 2023 மே 4 அன்று சென்னையில் 77வது வயதில் அவர் மறைந்தார்.

பட்டம் இல்லாததால் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை கேட்கிற நமக்குத்தான். பாடகரின் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறோம், பாடகரின் குரலை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குரலைத் தாங்கிப் பிடித்தவர் என்ன செய்தார் என்று யோசிப்பதே இல்லை.

காரைக்குடி மணியின் வாசிப்பு இணையத்தில் நிறையவே கிடைக்கிறது. ஒரு முறை பாட்டை விட்டுவிட்டு மிருதங்கத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை சபாவில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால், காபி பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.