தண்ணி வர்றதுக்கு முன்னாடி சேதி வரணும்: நம்ம சிலாங்கூர் ஆற்றின் வெள்ளக் கதை



மழைக்காலம் வந்தாலே நம்ம கோவில் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் சுத்தும்: "நம்ம ரோட்டுல தண்ணி ஏறுமா?" இதுக்குப் பதில் சொல்லணும்னா நம்ம ஆற்றோட வரலாறு கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். நீளமான பதிவுதான். பொறுமையா படிங்க, வீட்டுல பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

சிலாங்கூர் ஆறு ஃபிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோலகுபு பாரு, ரந்தாவ் பாஞ்சாங், பெஸ்தாரி ஜெயா வழியா சுமார் 110 கிலோமீட்டர் ஓடி, புக்கிட் மெலாவத்தி பக்கத்துல கடலில் கலக்குது. நாம இருப்பது கடைசி முனை. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பேய்மழை பெய்யலாம். அந்தத் தண்ணி ஒரே நிமிஷத்துல வந்துடாது, அதுக்கு வழிப்பயணம் உண்டு. அந்தப் பயண நேரம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். தண்ணியை விட சேதி வேகமா வந்தா பொருள் நனையும், உயிர் தப்பும். சேதி பிந்தினா என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆற்றங்கரையிலேயே சாட்சி இருக்கு.

1883 அக்டோபர் 29. தீபாவளியை ஒட்டிய நாட்கள். கோலகுபுவில் ஆற்றின் குறுக்கே இருந்த பழைய அணை, கனமழையில் உடைந்தது. ஊர் அடித்துப் போனது. அங்கே மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்காரரும் அந்த வெள்ளத்தில் இறந்தார். அணைக்குக் காவலாக இருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊர்மக்கள் கதை சொல்வார்கள். காவல் தெய்வத்தை மதிக்கத் தெரிந்த நமக்கு அந்தக் கதை புரியும். ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. ஆற்று மட்டத்தை அளந்து, கீழே இருக்கிறவங்களுக்கு முன்கூட்டியே சொல்ல அந்தக் காலத்தில் எந்த ஏற்பாடும் கிடையாது. இன்றைக்கும் அந்த இடத்தின் பெயர் அம்பாங் பெச்சா. 'உடைந்த அணை' என்று பொருள்.

அதுக்கப்புறமும் அந்த ஊர் நிம்மதியா இல்லை. ஈயச் சுரங்க மணல் ஆற்றில் இறங்கி, ஆற்றின் அடிமட்டம் ஏறிக்கிட்டே போனது. ஊர் திரும்பத் திரும்ப மூழ்கியது. 1926 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். அப்படிப் பிறந்ததுதான் கோலகுபு 'பாரு', அதாவது புது ஊர். ஒரு ஊரே இடம் பெயரும் அளவுக்கு இந்த ஆறு பெரியது என்பதை மறக்கக் கூடாது.

இப்போ நம்ம தோட்டங்களுக்கு வருவோம். 1917-ல் மலாயாவின் முதல் வணிக செம்பனைத் தோட்டம் இந்தப் பக்கம்தான் உருவானது. அதன் பெயரே நம்ம தமிழ்தான், தென்னமரம் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை (இப்போ பெஸ்தாரி ஜெயா), புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக் பக்கமெல்லாம் தாழ்ந்த நிலத்தில் வாய்க்கால் வெட்டி, கரை கட்டித்தான் மரம் நட்டார்கள். அந்த மண்வெட்டியைப் பிடித்த கைகளில் நம்ம தாத்தா பாட்டிகளின் கைகளும் உண்டு.

அந்த வாழ்க்கை சுகமானது என்று சொல்ல வரவில்லை. சம்பளம் குறைவு, லயத்து வீடு ஒண்டுக்குடித்தனம். ஆனால் ஒன்று இருந்தது. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடணும். யார் வந்தாங்க, யார் வரலைன்னு கங்காணிக்குத் தெரியும். வராதவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் உண்டு. ஒரு லயத்தில் நடந்தது அடுத்த லயத்துக்கு உடனே தெரியும். பெரட்டு வேலை வாங்குவதற்காக வந்த முறைதான். ஆனாலும், ஆள் எண்ணிக்கை தெரிந்த இடத்தில் சேதியும் விடுபடாது.

அரசாங்கம் தன் பங்குக்கு மெதுவாகக் கற்றுக்கொண்டது. 1932-ல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தொடங்கியது. அதுதான் இன்றைய ஜேபிஎஸ். 1971 ஜனவரியில், பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கோலாலம்பூர் மூழ்கியது. அதன் பிறகுதான் வெள்ளத் தடுப்புக்கென்று நிரந்தர ஆணையமே வந்தது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து தெருவைப் பார்த்துக்கொள்ளும் ருக்குன் தெதாங்கா 1975-ல் வந்தது. இன்று ஜேபிஎஸ்-இன் 'இன்ஃபோ பஞ்சீர்' தளத்தில் ஆற்று மட்டத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

அப்படியிருந்தும் 2021 டிசம்பரில் என்ன நடந்தது? மூன்று நாள் மழையில் சிலாங்கூர் தத்தளித்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பொருள் சேதம் 6.1 பில்லியன் ரிங்கிட், அதில் பாதி சிலாங்கூரில் மட்டும். எச்சரிக்கை வெளிவந்திருந்தும் அது தெருவுக்கு வந்து சேரவில்லை என்ற மனக்குறை எல்லா இடத்திலும் எழுந்தது. முதல் படகோடு வந்தவர்களில் பலர் சாதாரணப் பொதுமக்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் தொண்டர்கள் இரவும் பகலும் சமைத்து ஆயிரக்கணக்கானோருக்கு உணவு அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் பக்தர்கள் கவனிக்கணும். அந்த வெள்ளம் வந்தது மார்கழி பிறந்த கையோடு. டிசம்பர் 19 பௌர்ணமி, மறுநாள் திருவாதிரை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும். ஆயர் பாசாங் என்று சொல்வோமே, அதுதான். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணி இறங்க வழியில்லாமல் ஊருக்குள் திரும்பும். முகத்துவாரத்தில் இருக்கும் நமக்கு இது ரொம்ப முக்கியம். ஆக, கோவில் சுவரில் மாட்டியிருக்கும் பஞ்சாங்கமே நமக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை. மேலே கனமழை, இங்கே பௌர்ணமி, இரண்டும் சேர்ந்தால் அன்று ராத்திரி விழிப்பா இருக்கணும்.

சேதி கடைசி வீடு வரை போனால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்ற மீனவ கிராமம் உதாரணம். 2004 டிசம்பர் 26 சுனாமியன்று, அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது, அதில் ஒலிபெருக்கி இருந்தது. உடனே அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தார்கள். வீடும் படகும் போயின, ஆனால் உயிர் நின்றது. அன்று மட்டும் பேசிய ஒலிபெருக்கி இல்லை அது. தினமும் கடல் நிலவரம் சொல்லி வந்தது. அதனால்தான் 'ஓடுங்க' என்றதும் யாரும் சந்தேகப்படவில்லை.

இப்போ நம்ம நிலைமை. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின, நாம தாமான்களுக்கு வந்துட்டோம். பெரட்டு இல்லை, கங்காணி இல்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்காங்கன்னே சிலருக்குத் தெரியாது. எல்லாரையும் இன்னும் ஒன்றாகச் சேர்ப்பது கோவில் ஒன்றுதான். அர்ச்சனைச் சீட்டில் பேரும் நட்சத்திரமும் எழுதித் தருகிற நமக்கு, எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்காங்க என்பதும் தெரிஞ்சிருக்க வேண்டாமா?

அதனால உங்க எல்லாரையும் கேட்டுக்கொள்வது:

ஒன்று, ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர் பொறுப்பு எடுங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்க, தனியா இருக்கிற முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், போன் இல்லாத வீடுகள், இவங்களை முதலில் பாருங்க. இனம், மதம் பார்க்காதீங்க. தண்ணி அதைப் பார்த்து வர்றதில்லை.

இரண்டு, இன்ஃபோ பஞ்சீரில் ரந்தாவ் பாஞ்சாங் மட்டத்தைப் பாருங்க. வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று மூன்று படி. வஸ்பாடா வந்தாலே பத்திரங்களையும் மருந்தையும் பையில் எடுத்து வையுங்க. அமாரான் வந்தா முதியவர்களை மேட்டுக்குக் கொண்டுபோங்க. பஹாயா வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மூன்று, "அணை உடைஞ்சிருச்சு" என்று தேதி இல்லாத குரல்பதிவு வந்தா அனுப்பாதீங்க. ஜேபிஎஸ், வானிலைத் துறை, போலீஸ் சொன்னதை மட்டும் நேரத்தோடு போடுங்க. இரண்டு முறை பொய்ச் சேதி வந்தா, மூன்றாவது முறை உண்மையை யாரும் நம்ப மாட்டாங்க.

நான்கு, தண்ணி வீட்டுக்குள்ள வருமுன் மெயின் சுவிட்சை அணையுங்க. பிள்ளைகளைக் கால்வாய் பக்கம் விடாதீங்க. ஆபத்துன்னா 999.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோவில் மைக்கில் ஒரு நிமிஷம் மழை, ஆற்று நிலவரம் சொல்லலாம் என்று தொண்டர்கள் யோசித்திருக்கிறோம். வெயில் காலத்திலும் நிறுத்தக் கூடாது. தினப் பழக்கம்தான் ஆபத்து நாளில் கை கொடுக்கும். தெருப் பொறுப்பு எடுக்க விரும்புகிறவர்கள் இந்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பேர் கொடுங்க.

அம்மன் நம்மைக் காப்பாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுற வேலையை மட்டும் அவள் நம்மகிட்ட விட்டிருக்கிறாள்.

ஓம் சக்தி. உங்க தெருக்காரர்களுக்கும் பகிருங்கள்.