குமாரமங்கலத்தார் எழுதிய மறுப்புக் குறிப்பு

நம்ம மோகனூர் நாமக்கல் கவிஞரைத் தந்தது. இதே மாவட்டத்துக் குமாரமங்கலம் தந்தவர் டாக்டர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி. 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது, ராஜாஜி மந்திரிசபையில் கல்வி இலாகா இவரிடம்தான் இருந்தது.

அதே மனிதர் 1955-இல் கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழிக் கமிஷனில் உறுப்பினரானார். பெரும்பான்மையோர் இந்திக்கு மாறும் பக்கம் நின்றார்கள். இவரும் வங்கத்துச் சுநீதி குமார் சட்டர்ஜியும் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள்: இந்தி பேசாதவர்களுக்குப் பாதகம் வரும், ஆங்கிலம் தொடரட்டும் என்று.

1962-இல் சுப்பராயன் மறைந்தார். 1963-இல் வந்த சட்டம், 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர இடம் கொடுத்தது.

மத்திய அரசு வேலைக்குப் பரீட்சை எழுதப்போகும் தம்பி, தங்கைகளே! மீட்டிங்கில் பேசியது காற்றோடு போகும், மினிட்ஸில் ஏறியதுதான் நிற்கும் என்பது எங்கள் இன்ஜினியர் அனுபவம். எண்ணிக்கை குறைவென்று சும்மா இருக்காதீங்க. எழுதிக் கையெழுத்துப் போடுங்க.