றொசல்ல றொட்டியும் ஜப்பானிய உடோனும்

மலையகத்துத் தேநீர்க் கடைகளில் கோதுமை மா றொட்டிக்கு இருக்கும் இடத்தைப் பார்க்கும் வெளியூரார், அது தோட்டத் தொழிலாளர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த உணவு என்றே எண்ணுகின்றனர். அவ்வாறன்று. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து வந்தோர் கேழ்வரகும் கம்பும் சோறும் உண்டவர்கள். கோதுமை அவர்களுக்கு அந்நியம்.

தோட்டங்களில் அவர்களுக்குக் கிடைத்தது அரிசி. நிர்வாகமே அரிசியைக் கொடுத்து, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்கூட கூலியையும் அரிசியையும் சேர்த்தே பேசியது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1874 இல் நாவலப்பிட்டியையும் 1884 இல் ஹற்றனையும் எட்டிய புகையிரதப் பாதை, தேயிலையைக் கீழே இறக்கியது போலவே அரிசி மூட்டைகளை மேலே ஏற்றியது. வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடைப்பட்ட றொசல்ல நிலையம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியப் படைகளிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்தக் குண்டுகளைப் பற்றி நாம் இன்றும் கதை கதையாகப் பேசுகிறோம். பர்மா அரிசி நின்றுபோனதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். ஆனால் லயத்து அடுப்படியை மாற்றியது இரண்டாவது செய்திதான். உணவுப் பங்கீடு வந்தது, அரிசி குறைந்தது, ஈடாகக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தும் மா திரும்பிப் போகவில்லை.

அரிசியைத் தடுத்த ஜப்பானும் தோல்விக்குப் பின்னர் பசியால் வாடி, அமெரிக்கக் கோதுமையில் உயிர் பிழைத்தது என்பது வரலாற்றின் விந்தை. 1954 இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டம் உபரிக் கோதுமையை உலகெங்கும் அனுப்ப வழிசெய்தது. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பாண் தின்னப் பழகினர். 1958 இல் மொமொஃபுகு ஆண்டோ உடனடி நூடில்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

உடோன் அதற்கு வெகுகாலம் முந்தியது. ஷிகொக்கு தீவிலுள்ள தகமட்சு நகரில், பத்துப்பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும் கடையொன்றில் அதை உண்டிருக்கிறேன். கிண்ணத்தில் வாங்கிய நூடில்ஸை நாமே வெந்நீரில் முக்கியெடுத்து, சாற்றை ஊற்றிக்கொள்ள வேண்டும். பேச்சுக்கு இடமில்லை, உறிஞ்சும் ஒலிதான். சாறு காய்ந்த நெத்தலியில் காய்ச்சியது. மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு நினைவு வந்தது மலையகத்து நெத்தலிக் கருவாட்டுக் குழம்பே. மா, உப்பு, நீர் ஆகிய மூன்றும்தான் உடோன். தேங்காய்ப்பூவைச் சேர்த்தால் நமது றொட்டிக்கும் அதுவே கணக்கு.

ககாவா மாகாணமோ தன்னை ‘உடோன் மாகாணம்’ என்றே விளம்பரப்படுத்துகிறது. அங்கு பிசையப்படும் மாவில் பெரும்பகுதி அவுஸ்திரேலியக் கோதுமை என்பது அந்தப் பெருமையைச் சிறிதும் குறைக்கவில்லை. நம்மவர்களோ விருந்தினர் வந்தால் றொட்டியை மறைத்து வைக்கின்றனர். ஏழ்மையின் அடையாளமாம்! எனக்கு இது உடன்பாடில்லை; எனினும் அந்தக் கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

1973-74 இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது அரசு பங்கீட்டைக் குறைத்தது. மாவுக்கும் தட்டுப்பாடு. வயலோ காணியோ இல்லாத தோட்டத் தொழிலாளருக்கு வேறு போக்கிடம் இல்லை. 1974 இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. அந்த ஆண்டுகளைக் கண்டவர்கள் றொட்டியைப் பற்றிப் பெருமை பேசாததில் வியப்பில்லை.

1980 இல் திருகோணமலையில் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் மா தாராளமாகக் கிடைத்தது. ஆலை நிற்கும் இடம் சீனன்குடா. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய விமானத்தளமும் அங்கேதான்.

2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 1,000 ரூபாவாயிற்று. மறு ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மா கிலோ 300 ரூபாவைத் தாண்டியது. அப்போது ஒரு நாள் முழுதும் கொழுந்து பறித்தால் கைக்கு வந்தது மூன்று கிலோ மா. சம்பலுக்கான தேங்காயும் மிளகாயும் தனிக்கணக்கு.